அடைத்த அறையின் சூடு

சுவரில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

கனகவல்லி அடுப்பிலிருந்து ஒரு கட்டையை வெளியே இழுத்தாள். தண்ணீர் தெளித்து அணைத்தாள். குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். அதன் பிறகுதான் கை நின்றது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் அறை. மாமியார் செத்து இரண்டு மாதம் ஆகிறது. அறைக்குப் பூட்டு. கதவின் குறுக்கே ஒரு கருவேல முள் கிளை.

அவள் நின்றபடியே இருந்தாள். சேலையூர்ப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் தாழ்வாக வந்து வீட்டைக் கடந்து போனது. ஓடுகள் அதிர்ந்து அடங்கின. சுவரிலிருந்து வேறு சத்தம் இல்லை.

அடுப்புப் புகை போகும் தகரக் குழாய் சூட்டில் விரிந்திருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் தகரம் கணக்கு வைத்துக்கொள்ளாது, நினைத்தபடி முறுக்கிக்கொள்ளும். இது இரண்டு. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்.

இரண்டு என்றால், இழு.

அந்த அடுப்பு வந்தது போன வருஷம் கார்த்திகையில். பிளாக் ஆபீஸில் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனகவல்லிதான் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். குன்றத்தூரிலிருந்து கல்யாணமாகி இந்த ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கண்ணைக் கசக்காமல் அவள் ஒரு வேளை சமைத்ததில்லை. புருஷன் சிட்டிபாபு மெயின் ரோட்டில் விறகுத் தொட்டி வைத்திருந்தான். காய்ந்த சவுக்கெல்லாம் தராசுக்குப் போகும். வீட்டுக்கு வருவது பட்டையும் செதிலும், யாரும் வாங்காத ஈரக் கட்டையும்.

குப்புராஜ் என்ற கொத்தனார் வந்தார். களிமண்ணும் உமியும் சாணமும் பிசைந்து இரண்டு கண் வைத்து அடுப்பு கட்டினார். குழாய் வைக்கும்போது தகராறு வந்தது.

"குழாய் நேரா மேல போவணும் சார். கூரைக்கு மேல ரெண்டு அடி நிக்கணும். அப்பதான் பொகைய இழுக்கும்."

"போன மாசம்தான் ஓடு மாத்தினேன்," என்றான் சிட்டிபாபு. "ஓட்டை போட்டுட்டு நீ போயிடுவ. மழைக்கு வந்து கொடை புடிப்பியா?"

அதனால் குழாய் மேலே போகவில்லை. சமையலறைச் சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குள் புகுந்தது. அந்தச் சுவரை ஒட்டியே படுத்துக்கொண்டு போய், பின்சுவர் வழியாக வெளியேறி, அங்கே நிமிர்ந்து நின்றது. பக்கத்து அறை சிட்டிபாபுவின் அம்மா கங்கையம்மாளுடையது.

"படுத்துக்கினு போற கொழாயில கரி தங்கும்," என்றார் குப்புராஜ். "மாசத்துக்கு ஒரு தபா இந்த மூடியக் கழட்டித் தட்டி எடுக்கணும். இல்லன்னா பொகை வந்த வழியே திரும்பிடும்."

"தட்டிக்கலாம். நீ கட்டு."

முதல் நாள் கங்கையம்மாள் கத்திய கத்து தெருமுனை வரை கேட்டது. "சுடுகாட்டைக் கொண்டாந்து என் தலைமாட்டுல வெச்சுட்டீங்களாடா!" மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் கயிற்றுக் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோடு போட்டுவிட்டாள். அவளுக்கு மூச்சு இழுப்பு. மார்கழிப் பனி வந்தால் உட்கார்ந்தே தூங்குவாள். அந்த மார்கழியில் சுவரில் முதுகைச் சாய்த்துப் படுத்துத் தூங்கினாள்.

"உங்க மாமனார் கூட இவ்ளோ சூடா இருந்ததில்லடி," என்றாள் மருமகளிடம்.

சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இருவரும் அந்த அடுப்பைப் பழகினார்கள். விறகை மெலிதாகப் பிளக்க வேண்டும். பரணில் போட்டு நன்றாகக் காயவைக்க வேண்டும். வாயை அடைத்துத் திணிக்கக் கூடாது. இரண்டே கட்டை, நடுவில் காற்றுக்கு வழி. அது பிடித்து எரிந்தால் வெளியே குழாய் முனையில் புகையே தெரியாது. காற்று மட்டும் நடுங்கும். பாதி விறகில் சோறு வெந்தது. சமைத்து முடித்த பிறகும் சுவர் வெகுநேரம் வெதுவெதுவென்று இருந்தது.

கங்கையம்மாள் கட்டிலுக்கு மேலே ஆணியில் ஓர் இரும்புக் கரண்டியை மாட்டி வைத்திருந்தாள். எழுந்து வந்து சொல்ல மூச்சு போதாது. ஒரு முறை தட்டினால், போடு. இரண்டு முறை தட்டினால், இழு. சில நாள் அடுப்பே எரியாத நேரத்தில் ஒற்றைத் தட்டு கேட்கும்.

"இன்னா அத்தை?"

"ஒண்ணுமில்ல. அங்க கீறியான்னு பாத்தேன்."

ஆடிக் கடைசியில் ஒரு காலையில் கனகவல்லி காபி கொண்டுபோனபோது அவள் சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். கண் திறந்திருந்தது. முதுகு சூடாகத்தான் இருந்தது. அது சுவரின் சூடு. இழுப்பு கொண்டுபோய்விட்டது என்றார்கள். அன்று காலை தட்டல் கேட்டதா என்று கனகவல்லி பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

சிட்டிபாபுவின் பெரியப்பா துளசிங்கம் வந்து விரல்விட்டு நட்சத்திரம் பார்த்தார். சதயம். கையை மடக்கிக்கொண்டார்.

"அடைப்பு," என்றார். "ஆறு மாசம்."

அப்படிப்பட்ட நட்சத்திரத்தில் செத்தவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. பின்சுவரில், குழாய் வெளியேறும் இடத்துக்குக் கீழே கடப்பாரையால் இடித்தார்கள். அந்தத் துவாரம் வழியாக அவளை வெளியே எடுத்தார்கள். அவள் பாய், துணி, மருந்து டப்பா, இரும்புக் கரண்டி எல்லாம் அவளோடு போயின. சாயங்காலத்துக்குள் துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. திரும்பி வந்தால் போன வழி தெரியக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, முள் போட்டார் துளசிங்கம்.

"தினம் வெளக்கு வெச்ச பொறவு வாசப்படியில ஒரு வெளக்கு ஏத்து. தை கடைசியில நான் வந்து தொறக்கறேன். நடுவுல தொறந்தா கூட ஒருத்தரைக் கூட்டிக்கினு போவும்."

சொல்லும்போது அவர் பார்வை கனகவல்லியின் வயிற்றுக்குப் போனது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அது அடைத்த அறைக்குள் புகுந்து, அடைத்த சுவர் வழியாக வெளியேறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தட்டல் முதலில் கேட்டது ஐப்பசி பிறந்தபோது. அதற்குப் பிறகு அவ்வப்போது கேட்டது. எப்போதும் இரண்டு. கேட்ட சற்று நேரத்துக்கெல்லாம் அடுப்பு வாயிலிருந்து புகை திரும்பி வரும். குழாயில் கரி தங்கியிருந்தது; தட்டி எடுக்க வேண்டிய மூடி பூட்டிய அறைக்குள் இருந்தது. கனகவல்லி கட்டையை இழுத்துவிடுவாள். ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள்.

"இன்னா அத்தை?"

பதில் வரவில்லை. அவள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்து அடுப்பை இடித்துவிடுவான். பிறகு பழையபடி மூன்று கல், புகை, கண்ணீர். பிறக்கப்போகும் பிள்ளையை அந்தப் புகையில் வளர்க்க அவளுக்கு மனமில்லை.

பிள்ளை தை மாதம் பிறக்க வேண்டியது. கார்த்திகை பிறந்ததுமே பிறந்துவிட்டது. பெண். ஒன்றேமுக்கால் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பால் இழுத்துக் குடிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு தனம் அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆயா. அவளே பஞ்சில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தோ பாருக்கா. இனிமே இந்த வூடுதான் இதுக்குக் கண்ணாடிப் பெட்டி," என்றாள் தனம். "ரெண்டே விஷயம். சூடு கொறையக் கூடாது. பொகை ஆவவே ஆவாது. கால் ஜில்லுன்னு ஆச்சுன்னா பால் குடிக்காது. பால் குடிக்கலன்னா..."

அன்றிரவே மழை பிடித்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது. பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து முன்கூடத்தில் சுற்றியது. சிட்டிபாபு மாற்றிய ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது. கரண்ட் போய்விட்டது. கனகவல்லி பிள்ளையை மார்போடு அணைத்து மேலே கம்பளி போர்த்திக்கொண்டாள். அவளுக்கே குளிர் எடுத்தது. பெற்ற உடம்பு, ரத்தம் இல்லை. பிள்ளையின் கால் விரல்கள் கறுப்புத் திராட்சை போல நீலமாகிக்கொண்டிருந்தன.

காலையில் சிட்டிபாபு மண் சுமக்கும் இரும்புப் பாண்டு ஒன்றில் கரி நெருப்பு போட்டுக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தான். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் கதவையும் சாத்தினான். சிறிது நேரத்தில் கூடம் சூடானது. அவனுக்குச் சந்தோஷம்.

"பாத்தியா? உள்ள ஊட்டி மாதிரி கீது."

"ஊட்டி குளுருங்க."

"சரி, ஊட்டியில அடுப்பங்கரை மாதிரி கீது."

அவள் சிரித்தாள். சிரித்ததும் தலை கனத்தது. நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பிள்ளையைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கத்திக்கொண்டே எழுந்து கதவைத் திறந்து மழையில் நின்றாள். தனம் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். பிள்ளை வீறிட்டது.

"மூடின ரூம்ல கரி நெருப்பா? யாரு வெச்சது? அண்ணா, நீங்களா? வெறகு விக்கற ஆளு, இது கூடத் தெரியாதா? டாக்டரம்மா தொண்டை கிழியக் கத்துவாங்க, இதுக்குத்தான்."

சிட்டிபாபு பாண்டைத் தூக்கி மழையில் கவிழ்த்தான். கரி சீறியது. அவனுக்கு அம்மா போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கினு போயிடலாமா?" என்றான்.

"எப்டிப் போவீங்கண்ணா? ரோட்டுல முட்டி அளவு தண்ணி. மழையில நனைஞ்சா அதோட முடிஞ்சுது."

கனகவல்லி பிள்ளையை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். தீட்டு, உள்ளே போகக்கூடாது. நிலைப்படிக்கு வெளியே நின்றாள். காலையில் சிட்டிபாபு கஞ்சி காய்ச்சிய அடுப்பு. திணித்த ஈர விறகு புகைந்தே அணைந்து, சமையலறை இருண்டிருந்தது. அந்தப் பக்கம் பிள்ளையை வைக்க முடியாது. இந்தப் பக்கம் பூட்டிய கதவு. கதவை ஒட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுவென்று இருந்தது.

"அத்தை ரூமைத் தொறங்க," என்றாள்.

சிட்டிபாபு அவளையே பார்த்தான். "பைத்தியமா உனக்கு?"

"வூட்டுலயே பொகை இல்லாத சூடு அங்கதான் கீது."

"நடுவுல தொறந்தா இன்னா ஆவும்னு பெரியப்பா சொன்னாரு. நீயும்தான் கேட்ட."

"கேட்டேன். கூட ஒருத்தரைக் கூட்டிக்கினு போவும்னாரு. தொறக்கலன்னா மட்டும் இது தங்குமா?"

அவன் குடையை எடுத்துக்கொண்டு துளசிங்கத்தைக் கேட்டு வரப் போனான். அவர் வீடு ஏரிக்கரைப் பக்கம். தண்ணீரில் நடந்து போய்த் திரும்ப நேரமாகும். அது கனகவல்லிக்குத் தெரியும்.

"தனம், பிள்ளையைப் புடி."

"அக்கா, எனக்கு உங்க நட்சத்திரக் கணக்கெல்லாம் தெரியாது. நாங்க வேதக்காரங்க. ஆனா உன்னைப் பாத்தா எனக்கு பயமா கீது."

"பயந்துக்கினே புடி."

முள் கிளையைக் கொடுவாளால் தள்ளினாள். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பூட்டு துருப்பிடித்து மறுத்தது. இரண்டாவது முறை திருப்பியபோது திறந்துகொண்டது. கதவு உள்ளே போனதும் கரி நாற்றமும் அதற்கு அடியில் தைல வாசனையும் வந்தன. தனம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அத்தை, நான்தான்," என்றாள் கனகவல்லி. யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

அறை முழுக்கக் கறுப்பு. ஜன்னல் விளிம்பில், கட்டில் கயிற்றில், தரையில் மெல்லிய கரி படிந்திருந்தது. நான்கு மாதப் புகை. கட்டில் சுவரோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆணி வெறுமையாக இருந்தது. அவள் ஜன்னலை ஒரு கை அளவு திறந்து வைத்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள்.

சமையலறைச் சுவரிலிருந்து குழாய் வெளிவரும் மூட்டில் குப்புராஜ் வைத்த சிமெண்டு விரிந்திருந்தது. அதன் மேல் களிமண் பூச்சு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சு. காய்ந்து வெடித்திருந்தது, வெடிப்பைச் சுற்றிப் புகை படிந்திருந்தது. மண்ணில் விரல் தடங்கள் இருந்தன. மூன்று விரல் நேராக, நான்காவது உள்பக்கம் வளைந்து.

கங்கையம்மாளின் சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும்.

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு மண்சட்டி. உள்ளே காய்ந்த களிமண். பக்கத்தில் ஒரு சொம்பு.

மூட்டு ஆரம்பத்திலிருந்தே ஒழுகியிருக்கிறது. கிழவி யாரிடமும் சொல்லவில்லை. புகை வரும்போது இரண்டு தட்டு. கட்டையை இழுத்ததும் மண்ணைக் குழைத்து அப்பியிருக்கிறாள். பிறகு ஒற்றைத் தட்டு, போடு. சொல்லியிருந்தால் மகன் அடுப்பை இடித்திருப்பான். சூடு போயிருக்கும்.

கனகவல்லி கொஞ்ச நேரம் அந்தத் தடத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள். முனையிலிருந்த மூடியைக் கழற்றினாள். கரி பொலபொலவென்று கொட்டியது. ஒரு முறம் நிறைய வந்தது. தேய்ந்த ஈர்க்குமாறை உள்ளே விட்டுத் தேய்த்தாள். பின்கட்டிலிருந்து மண் எடுத்து, சாம்பலும் உமியும் சேர்த்து, அந்த மண்சட்டியிலேயே வேறொரு பழைய இரும்புக் கரண்டியால் குழைத்தாள். வெடித்த மண்ணைப் பெயர்க்க மனம் வரவில்லை. அதன் மேலேயே புது மண்ணை அப்பி விரலால் இழுத்தாள். விரல்கள் தாமாகவே பழைய தடத்தில் போய் உட்கார்ந்தன. தரையைத் துடைத்தாள். கட்டிலில் புதுப் பாய் போட்டாள். வலி தாங்காமல் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பரண்ல காஞ்ச சவுக்கு கீது," என்றாள் தனத்திடம். "மெல்லிசா ரெண்டு கட்டை. திணிக்காத."

தனம் பற்ற வைத்தாள். புகை திரும்பவில்லை. குழாய் ஹூம் என்று மெல்ல முனகியது. சுவரில் சூடு ஏறியது, கீழிருந்து மேலாக. கனகவல்லி முதுகைச் சாய்த்துப் பிள்ளையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை வாயைத் திறந்து மார்பைத் தேடியது.

சிட்டிபாபு திரும்பி வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தான். தள்ளிக் கிடந்த முள்ளைப் பார்த்தான். நிலைப்படிக்கு வெளியே நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

"தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன்."

"பெரியப்பா கூடவே கூடாதுன்னுட்டாரு. தொறந்தது தெரிஞ்சா இந்த வூட்டுப் படி ஏற மாட்டாரு."

"ஏற வேணாம். நீங்க ஏறுங்க. வந்து இது காலைத் தொட்டுப் பாருங்க."

அவன் நெடுநேரம் அங்கேயே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு உள்ளே ஓர் அடி வைத்தான். இன்னொரு அடி. ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பிள்ளையின் பாதத்தை இரண்டு விரலால் பிடித்தான். விடவில்லை.

"சூடா கீது," என்றான்.

"உம்."

"மழை விடற வரைக்கும்தான். விட்டதும் மூடிடுவேன். அதுக்குள்ள இங்க ஏதாச்சும் ஒண்ணு, இன்னா சொல்றேன்னு புரியுதா, சின்னதா ஏதாச்சும் ஒண்ணு ஆனாக்கூட, அந்த நிமிஷமே பூட்டிடுவேன். அடுப்பையும் இடிச்சுடுவேன்."

"சரி."

தனத்துக்கு டியூட்டி நேரம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சிட்டிபாபு சமையலறையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தான். மெல்லிசா ரெண்டு கட்டை என்று சுவர் வழியாக அவள் இரண்டு தடவை சொன்னாள். விறகு விக்கறவனுக்கே பாடமா என்று சுவர் வழியாக அவன் முணுமுணுத்தான்.

மத்தியானம் வானம் சாயங்காலம் போல இருட்டிக்கொண்டது. மழைச் சத்தம் ஒரே சீராக இருந்தது. பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியது. கனகவல்லி தூங்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

டொக். டொக்.

அவள் கண்ணைத் திறந்தாள். சத்தம் தலைக்கு மேலே, ஆணி இருந்த இடத்திலிருந்து வந்தது. இரும்பு சுவரில் படும் சத்தம். ஆணியில் ஒன்றுமில்லை.

குழாய் மூட்டைப் பார்த்தாள். ஈர மண் சூட்டில் சுருங்கி ஒரு துண்டு விழுந்திருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு நூல் புகை இறங்கி வந்து, கட்டிலின் மேல், பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் படுத்திருந்தது. அவள் பிள்ளையை வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

கதவில் சிட்டிபாபு எதிரே வந்தான். கையில் ஒரு கட்டை. அணைத்த முனையிலிருந்து நீர் சொட்டியது.

"இன்னா ஆச்சு? எதுக்குத் தட்டின?"

அவள் மூச்சு வாங்கினாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு," என்றான். "அம்மா இருக்கசொல்ல அப்டித்தானே? ரெண்டு தட்டினா இழுக்கணும். அதான் இழுத்துட்டு ஓடியாந்தேன். நீதானே தட்டின?"

குரல் கடைசியில் சிறுத்துவிட்டது. அவன் கண் அறைக்குள் அலைந்தது. வெறும் ஆணி மேல் போய் நின்றது.

இல்லை என்று சொன்னால் அந்த நிமிஷமே பூட்டு. முள். கடப்பாரை. வெளியே மழை விடுவதாக இல்லை.

"நான்தான் தட்டினேன்," என்றாள்.

"எதால?"

அவள் கை இரண்டிலும் பிள்ளை இருந்தது. மண் குழைத்த பழைய கரண்டி கதவோரம் அவன் காலடியில் கிடந்தது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் முழு அறையும் இருந்தது. கரண்டியில் மண் காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"அதாலதான்."

சிட்டிபாபு கரண்டியைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வெளியே எங்கேயோ ஒரு மரக்கிளை முறிந்து தகரக் கூரை மேல் விழுந்தது. அவன் குனிந்து கரண்டியை எடுத்தான். வேட்டியில் மண்ணைத் துடைத்தான். அறையைக் கடந்து போய், கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினான். மாட்டிய பிறகும் சிறிது நேரம் சுவர் பக்கமாகவே நின்றான்.

"இங்கயே இருக்கட்டும்," என்றான். "கைக்கு எட்டற மாதிரி."

பிறகு, "கொழாய்ல எங்க ஒழுவுது?" என்று கேட்டான்.

அவள் காட்டினாள். அவன் சட்டியிலிருந்து மண் எடுத்து அப்பப் போனான். விரல் தடத்தைக் கண்டதும் கை பாதியில் நின்றது. அவனுக்கும் அந்தச் சுண்டுவிரலைத் தெரியும். தடத்தை விட்டுவிட்டு விழுந்த இடத்தில் மட்டும் மண்ணை வைத்து அழுத்தினான். ஜன்னலை இன்னும் சற்றுத் திறந்தான். புகை ஜன்னலைத் தேடிக்கொண்டு போனது.

அவன் அடுப்புக்குத் திரும்பிப் போனதும் கனகவல்லி கரண்டியை எடுத்துச் சுவரில் ஒரு முறை தட்டினாள்.

அந்தப் பக்கம் கட்டை உள்ளே போகும் சத்தம் கேட்டது. தீ பிடிக்கும் சத்தம் கேட்டது. சுவரில் சூடு ஏற ஆரம்பித்தது.

அவள் மீண்டும் படுக்கவில்லை. பிள்ளையைப் பாயின் நடுவில் விட்டுவிட்டு, கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தாள். அடிவயிறு வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். கால் தரையில் உராய்ந்தது.

"இன்னா பண்ற அங்க?" சுவருக்கு அப்பாலிருந்து அவன் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. சொவர்கிட்ட சூடு ஜாஸ்தியா கீது. கட்டிலைத் தள்ளிப் போடறேன்."

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் சாய்ந்து உட்காரும் அளவு இடம் விட்டாள்.